வெண்ணெய் தடவும் கையும் மீன்முள் எடுக்கும் கையும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநில மருத்துவ இதழில் 1965-இல் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் புளோரன்ஸ் மஹோனி என்ற மருத்துவரும் டொரோதியா பார்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும். நரம்பு, தசை நோய்களால் முடங்கியவர்கள் அன்றாட வேலைகளை எந்த அளவுக்குத் தாங்களே செய்துகொள்கிறார்கள் என்று பார்க்கப் பத்து வேலைகளை அவர்கள் பட்டியலிட்டிருந்தார்கள். மொத்த மதிப்பெண் 100. சாப்பிடுவதற்கு முழுதாக 10 மதிப்பெண் வாங்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தார்கள். தட்டத்திலிருந்தோ மேசையிலிருந்தோ தானே எடுத்து உண்ண வேண்டும். உணவைத் துண்டாக்க வேண்டும், உப்பும் மிளகுப்பொடியும் தூவிக்கொள்ள வேண்டும், ரொட்டியில் வெண்ணெய் தடவ வேண்டும்.

குமரி மாவட்டக் கடற்கரை ஊரான குளச்சலில் சாப்பாடு என்றால் சோறும் மீன்குழம்பும். பெருவிரலும் முதல் இரண்டு விரல்களும் சேர்ந்து சதையைப் பிரித்து, முள்ளைத் தடவிக் கண்டுபிடித்து, அதை மட்டும் உருவி இலையோரம் வைக்கும். சாளை முள்ளுக்கு ஒரு பிடி, நெய்மீன் முள்ளுக்கு வேறு பிடி. ஐந்து வயதுக் குழந்தைக்குத் தாய் எடுத்துக் கொடுப்பாள்; பத்து வயதில் பிள்ளை தானே எடுக்கும். விரல்நுனியின் உணர்வும் நுண்ணிய பிடியும் ஒன்றாகச் சோதிக்கப்படும் வேலை இது. பக்கவாதம் வந்த கை தேறிவிட்டதா என்று கேட்டால், இந்தக் கரையில் உள்ள எந்த வீடும் முதலில் பார்ப்பது இதைத்தான். பார்தெல் அளவுகோல் என்று பெயர்பெற்ற அந்தப் பட்டியலில் இதற்கு இடமில்லை. அதற்காக அதை உருவாக்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் தங்கள் ஊர் மருத்துவமனையில் தங்கள் நோயாளிகளைப் பார்த்து நேர்மையாக எழுதினார்கள்.

குறை நம்மிடம் வேரூன்றிவிட்ட ஓர் எண்ணத்தில் இருக்கிறது. "உலகம் முழுக்கச் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட அளவுகோல்கள் இருக்கின்றன. நாம் தனியாக ஒன்றை ஏன் உருவாக்க வேண்டும்? தமிழில் மொழிபெயர்த்து, மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்த்து, பிழையில்லை என்றால் பயன்படுத்தலாம்." மருத்துவக் கல்லூரி ஆய்வேடுகளிலும் மறுவாழ்வுத் திட்ட அறிக்கைகளிலும் இந்தப் போக்கு ஊறிக் கிடக்கிறது. அளவுகோலின் பெயருக்கு முன்னால் 'சரிபார்க்கப்பட்டது' என்ற சொல் ஒட்டிக்கொண்டுவிட்டால், யாரிடம் சரிபார்த்தார்கள், எதற்காகச் சரிபார்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தத் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆளுக்கொரு அளவுகோல் வைத்துக்கொண்டால் நாகர்கோவிலில் பெற்ற பலனை நைஜீரியாவில் பெற்ற பலனோடு ஒப்பிட முடியாது. மனித உடலும் எங்கும் ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. துணையின்றி நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை என்று எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஓர் எல்லையை அதில் வகுக்க முடிந்தது. டெல்லிக் குழந்தைக்கும் நார்வேக் குழந்தைக்கும் ஒரே வயது எல்லை. பிறகு குளச்சலுக்கு மட்டும் ஏன் தனிக்கணக்கு என்று கேட்பவர் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்.

ஆனால் அந்தச் சான்று காட்டுவது உடலின் பொதுமையை. முழங்கை மடங்குகிறதா, விரல்கள் தனித்தனியாக அசைகின்றனவா, முட்டியைத் தட்டினால் கால் துள்ளுகிறதா என்பவை உடலைப் பற்றிய கேள்விகள். ஸ்வீடனில் 1975-இல் ஃபூகல்-மேயர் குழு வகுத்த அளவுகோல் இந்த வகையைச் சேர்ந்தது: கைக்கு 66, காலுக்கு 34, ஆக 100. அதைக் குளச்சலுக்குக் கொண்டுவரப் பெரிய தடை இல்லை. சோதிப்பவருக்கு முறையான பயிற்சி இருந்தால் போதும். குளிப்பது, உடுப்பது, கழிப்பறைக்குப் போவது, வேலைக்குத் திரும்புவது என்பவை வேறு வகைக் கேள்விகள். அவற்றில் உடல் பாதி, ஊர் பாதி. உலக சுகாதார நிறுவனமே 2001-இல் கொண்டுவந்த வகைப்பாட்டில் உடலின் செயல், ஒருவரின் செய்கை, சமூகத்தில் பங்கேற்பு என்று மூன்றையும் பிரித்து வைத்திருக்கிறது. முதலாவதற்குக் கிடைத்த சான்றிதழைக் காட்டி இரண்டாவதையும் மூன்றாவதையும் உள்ளே விட்டுவிடுவதுதான் நடப்பு எண்ணத்தின் அடிப்படைப் பிழை.

வலப்பக்கம் வாதம் வந்து ஆறு மாதத்தில் தேறிய ஒரு கடல்தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். வயது ஐம்பது. தானே சாப்பிடுகிறார், குளிக்கிறார், வேட்டி கட்டுகிறார், 50 கெஜம் நடக்கிறார், மாடிப்படி ஏறி இறங்குகிறார். பார்தெல் கணக்கில் 100-க்கு 100. கோப்பில் 'முழுமையாகத் தேறினார்' என்று எழுதி மூடிவிடலாம். அவரோ விடியற்காலையில் கரையில் உட்கார்ந்து, தன் வள்ளத்தை மற்றவர்கள் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கால் புதையும் மணலில் வள்ளத்துக்குத் தோள் கொடுக்க வேண்டும். அலை உடையும் இடத்தில் சரியான நொடியில் தாவி ஏற வேண்டும். ஏறியதும் எஞ்சின் கயிற்றை ஒரே இழுப்பில் சுண்ட வேண்டும். ஆடும் பலகையில் இரண்டு கையையும் விட்டு நின்று வலையை வாங்க வேண்டும். கரமடி வலை இழுப்பதென்றால் கயிற்றை இடுப்புக்குக் கொடுத்துப் பின்னால் சாய்ந்து அடி அடியாக நடக்க வேண்டும். இவற்றில் ஒன்றையும் அந்த 100 தொட்டுப் பார்க்கவில்லை.

அளவியலில் இதை உச்சவரம்புக் குறை என்பார்கள். அளவுகோல் முடியும் இடத்துக்கு மேலே இருக்கும் வேறுபாடு எதுவும் அதில் பதியாது. மஹோனியும் பார்தெலும் இதை மறைக்கவில்லை. 100 வாங்கியவர் தனியாக வாழ முடியும் என்று பொருளல்ல என்றும், அவரால் சமைக்கவோ வீட்டை நடத்தவோ வெளியாட்களோடு பழகவோ முடியாமல் போகலாம் என்றும், ஆள்துணை இல்லாமல் சமாளிப்பார் என்பது மட்டுமே அதன் பொருள் என்றும் அந்தக் கட்டுரையிலேயே எழுதிவைத்தார்கள். உருவாக்கியவர்கள் கவனமாக வரைந்த எல்லையை, பயன்படுத்துகிறவர்கள் அறுபது ஆண்டுகளாக அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்கள் பக்கம் திரும்பினால் இன்னும் மோசம். கடவப்பெட்டியில் மீனை ஏற்றித் தலைச்சுமடாகச் சந்தைக்குக் கொண்டுபோகும் ஒருத்திக்குக் கழுத்து, முதுகு, இடுப்பு, கணுக்கால் எல்லாம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். சுமையைத் தானே இறக்க முடியாது. இன்னொரு கை பிடிக்க வேண்டும். சேலைக் கொசுவத்தை மடித்துச் செருகுவதற்கு இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வேண்டும். இறக்குமதியான பட்டியல்களின் உடுத்தும் கேள்வியோ பித்தானைச் சுற்றியே நிற்கிறது.

மொழிபெயர்ப்பால் இதைத் தீர்க்கலாம் என்பவர்கள் மூட்டுவாத நோயாளிகளுக்கான கேள்வித்தாளின் கதையைப் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் 1980-இல் வெளியிட்ட அந்தத் தாளில் இறைச்சியை வெட்டுவது, புதிய பால் அட்டைப்பெட்டியைத் திறப்பது, கார்க் கதவைத் திறப்பது, தொட்டியில் குளிப்பது எல்லாம் இருந்தன. இவற்றைத் தூய தமிழில் பெயர்க்கலாம். திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்தால் எழுத்துப் பிசகாமல் வரும். சோதனையில் மொழிபெயர்ப்பு வெற்றி பெறும். ஆனால் பால் கவரைப் பல்லால் கடித்துத் திறக்கும் வீட்டில் அந்தக் கேள்விக்கு வரும் பதில் எதை அளக்கும்? டெல்லி மருத்துவர்கள் 2002-இல் இந்தியாவுக்கென்று அந்தத் தாளைத் திருத்தியபோது சொல்லை மாற்றியதோடு நிற்கவில்லை. குத்தவைத்து உட்காருவதையும் தரையில் சம்மணமிடுவதையும் சேர்த்தார்கள். ஆட்டோரிக்‌ஷாவில் ஏறி இறங்குவதைக் கேட்டார்கள். காய்கறிச் சந்தைக்குப் போய்வருவதைக் கேட்டார்கள். பிறகு அந்தப் புதிய தாளை நோயாளிகளிடம் மீண்டும் சரிபார்த்தார்கள். வேலை அங்கேதான் இருக்கிறது.

சொல்லிலும் ஒரு கண்ணி உண்டு. தமிழில் 'முடியாது' என்ற ஒரே சொல் இயலாமையையும் மறுப்பையும் தடையையும் சுமக்கிறது. 'உடம்புக்கு முடியல' என்றால் காய்ச்சலாகவும் இருக்கலாம். குமரிக் கரையில் 'ஏலாது' என்பார்கள், 'வய்யா' என்பார்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள நிறவேறுபாடு சென்னையில் அச்சடித்த தாளில் இல்லை. 'சிறிது சிரமம்', 'மிகுந்த சிரமம்' என்ற படிகளை எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. பக்கவாதம் வந்த அப்பாவுக்கு மகள் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறாள். அவரால் முடியாததால் அல்ல. அவள் மனசு கேட்காததால். பார்தெல் அளவுகோலின் விதி, நோயாளி என்ன செய்யக்கூடும் என்பதை விட்டு, என்ன செய்கிறார் என்பதைக் குறிக்கச் சொல்கிறது. அப்படிக் குறித்தால் அன்பான வீட்டில் இருப்பவருக்கு மதிப்பெண் குறையும். கை நன்றாக இருந்தும் குறையும். இதை முன்கூட்டியே யோசித்து, 'செய்கிறாரா' என்றும் 'விட்டால் செய்வாரா' என்றும் இரண்டாகப் பிரித்துக் கேட்கும் தாள் வேண்டும்.

எண் என்று வந்துவிட்டால் அதற்குமேல் கேள்வி இல்லை என்ற நம்பிக்கையையும் அசைத்தாக வேண்டும். வெப்பமானியில் 20-க்கும் 30-க்கும் உள்ள தூரமும் 60-க்கும் 70-க்கும் உள்ள தூரமும் ஒன்று. நோயாளியைப் பார்த்துப் போடும் மதிப்பெண்ணில் அப்படி இல்லை. தசை வலிமைக்கு 0 முதல் 5 வரை போடும் முறை பிரிட்டனில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நரம்புக் காயங்களைப் பார்க்கப் பரவியது. அதில் 3 என்றால் புவியீர்ப்பை மீறித் தூக்குகிறார். 5 என்றால் இயல்பான வலிமை. நடுவில் இருக்கும் 4 என்ற ஒரே படிக்குள் குடம் தூக்க முடியாதவரும் அடங்குவார், நங்கூரம் தூக்கத் தயங்குபவரும் அடங்குவார். வரிசை எண்ணையும் அளவு எண்ணையும் குழப்பக்கூடாது என்று எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் 1946-லேயே பிரித்துக் காட்டினார். வரிசை மதிப்பெண்களிலிருந்து சம இடைவெளி கொண்ட அளவைப் பெற டென்மார்க்கின் கேயோர்க் ராஷ் 1960-இல் ஒரு கணித வழியைத் தந்தார். இத்தனைக்குப் பிறகும் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து '12 புள்ளி முன்னேற்றம்' என்று எழுதும் வழக்கம் ஓயவில்லை.

இது ஏட்டுச் சர்ச்சை அல்ல என்பதற்கு நம் கையிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. மாற்றுத்திறன் சதவீதத்தைக் கணக்கிட மத்திய அரசு 2001-இல் வெளியிட்டு, 2018 வரை நடைமுறையில் இருந்த வழிகாட்டியில் காலுக்கு இரண்டு கூறுகள் இருந்தன: மூட்டும் தசையும் சேர்ந்த இயக்கம் ஒன்று, நிலைத்தன்மை இன்னொன்று. நிலைத்தன்மைக்கு ஒன்பது சோதனைகள். சமதரையில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, இரண்டு காலில் நிற்பது, பாதித்த காலில் நிற்பது, குத்தவைத்து உட்காருவது, சம்மணமிடுவது, மண்டியிடுவது, திரும்புவது. ஒவ்வொன்றுக்கும் 10, மொத்தம் 90. இந்தியத் தரையில் இந்திய உடல் செய்யும் வேலைகளை நினைத்துப் போட்ட பட்டியல் இது. அந்த வகையில் இதைப் பாராட்ட வேண்டும். பால் பெட்டியையும் கார்க் கதவையும் இதில் காணோம்.

ஆனால் படி ஏற முடியாததும் மண்டியிட முடியாததும் ஒரே 10 என்று எந்தக் கணக்கில் வந்தது? இரண்டு கூறுகளையும் சேர்க்க ஒரு சூத்திரம் இருந்தது: பெரிய எண்ணோடு, சிறிய எண்ணை 90-லிருந்து பெரிய எண்ணைக் கழித்த மீதியால் பெருக்கி 90-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். ஒருவருக்கு இயக்கக் குறைபாடு 30, நிலைத்தன்மைக் குறைபாடு 20 என்றால் விடை 43.3. வேறொரு நாள் வேறொரு மருத்துவர் 'மண்டியிடுகிறார், பரவாயில்லை' என்று ஒரு சோதனையில் தேர்ச்சி போட்டால் நிலைத்தன்மைக் குறைபாடு 10 ஆகும், விடை 36.7. சட்டம் 40-இல் கோடு போட்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு அந்தக் கோட்டைத் தொட்டவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும்தான். ஒரே ஆள், ஒரே கால், ஒரே வாரம். ஒரு சோதனையில் ஒரு மருத்துவரின் பார்வை மாறியது. ஒரு வீட்டின் வருமானம் மாறிவிட்டது.

ஆகவே இரண்டு பேர் ஒரே ஆளைப் பார்த்தால் ஒரே மதிப்பெண் போடுகிறார்களா என்பது முதல் கேள்வி. இதையும் மேலோட்டமாகக் கேட்டால் ஏமாறுவோம். இருவரும் பத்தில் எட்டுப் பேரை 'இயல்பு' என்றே எழுதிப் பழகியவர்கள் என்று வைப்போம். நோயாளியைப் பார்க்காமலே கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் நூற்றுக்கு 68 முறை இருவர் விடையும் ஒன்றாகும். அப்படியிருக்க '85 சதவீதம் ஒத்துப்போனது' என்ற அறிக்கை பெரிதாகத் தெரியலாம். தற்செயலைக் கழிக்க ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கணக்கில் போட்டால் அது 0.53-தான். நடுத்தரமான உடன்பாடு, ஒரு குடும்பத்தின் விதியைத் தீர்மானிக்கப் போதாது.

'இதையெல்லாம் செய்யக் காசும் காலமும் எங்கே?' என்பது கடைசி அரண். அதற்குப் பதில் குளச்சலிலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது. 1956 வரை குளச்சல், முதலில் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. இன்றும் பெரிய நோய் என்றால் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறும் வழக்கம் இந்தக் கரைக்கு உண்டு. அங்குள்ள குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் 1991-இல் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டையை வெளியிட்டார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு 17 கேள்விகள், அவ்வளவுதான். பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான் வேண்டாம். அட்டையில் குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து, பென்சிலுக்கு இடப்பக்கம் நிற்கும் எந்தப் படியையாவது குழந்தை எட்டவில்லையா என்று பார்க்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரே செய்துவிடலாம்.

அந்த 17 கேள்விகள் வானத்திலிருந்து விழவில்லை. குழந்தை வளர்ச்சிக்கான அமெரிக்க பேலி அளவுகோலை எடுத்துக்கொண்ட பிரமிளா பாடக், பரோடாக் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து இந்தியாவுக்கான வயது எல்லைகளை வகுத்திருந்தார். அதிலிருந்து உருவான முழு அளவுகோலில் உடல் இயக்கத்துக்கு மட்டும் 67 படிகள். திருவனந்தபுரம் குழு அந்த எல்லைகளிலிருந்துதான் தன் கேள்விகளைப் பொறுக்கியது. பொறுக்கியதோடு விடாமல் டென்வர் வளர்ச்சிச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. வந்த முடிவு: குறையுள்ள குழந்தைகளைக் கண்டுபிடிக்கும் திறன் 66.8 சதவீதம், குறையில்லாதவர்களைச் சரியாக விடும் திறன் 78.8 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு குழந்தை தவறிப்போகும். அதை அச்சில் போட்டார்கள். சரிபார்ப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நேர்மையான விளக்கம் வேண்டியதில்லை: எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு விடும் என்று முன்னாலேயே சொல்லிவிடுவது. பிறநாட்டு அளவுகோலைத் தமிழாக்கி அப்படியே பயன்படுத்துகிறவரால் இந்த இரண்டு எண்களையும் சொல்ல முடியாது. அவர் கையில் இருப்பது வேறு ஊரின் எண்கள்.

ஊருக்கேற்ற அளவுகோலை உருவாக்கும் வேலை வடக்கேயும் நடந்திருக்கிறது. மறதிநோயைக் கண்டறிய ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத முதியோரிடம் ஆய்வு செய்தவர்கள், மேலைநாட்டு அன்றாடத் திறன் பட்டியல் அங்கே பொருந்தாது என்று கண்டு, கிராமத்தாரிடமே கேட்டுப் புதிய பட்டியலை உருவாக்கி 1999-இல் வெளியிட்டார்கள். அது உடல் இயக்கத்துக்கான அளவுகோல் அல்ல. ஆனால் வழிமுறை அதுவே.

ஒப்பிட முடியாமல் போய்விடுமே என்ற அச்சத்துக்கும் விடை உண்டு. தொழுநோயால் கைகால் உணர்விழந்தவர்களுக்காக 2007-இல் வெளியான சல்சா அளவுகோல், இந்தியா உட்படப் பல நாடுகளில் ஒரே நேரத்தில் உருவானது. 20 கேள்விகள். தரையில் குத்தவைப்பது, வெறுங்காலில் நடப்பது, மேடு பள்ளத்தில் நடப்பது, சூடான கோப்பையைப் பிடிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது. ஒரு நாட்டில் எழுதி மற்ற நாடுகளுக்கு அனுப்பிய தாள் அல்ல அது. எல்லா இடத்தையும் முதலிலிருந்தே மேசையில் உட்கார வைத்ததால் பொதுமை வந்தது. உலகத்தோடு பேச விரும்பினால் அந்த வழியில் பேசலாம்.

குளச்சலுக்கு ஒரு தாள் வேண்டுமென்றால் அதை ஏலக்கூடத்திலும் வலை பின்னும் கொட்டகையிலும் மீன்சந்தையிலும் தொடங்க வேண்டும். வாதம் வந்தவர், முதுகெலும்பு அடிபட்டவர், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மனைவிமார், கூடத் தொழில் செய்கிறவர்கள் என்று எல்லாரிடமும் ஒரே கேள்வி: "தேறிட்டாருன்னு எத வச்சிச் சொல்லுவீங்க?" வரும் பதில்களை அவர்கள் சொல்லிலேயே எழுத வேண்டும். நூறு பதில் வந்தால் இருபது தேறும். தேறியதைப் பத்துப் பேரிடம் உரக்க வாசித்து, அவர்களுக்கு என்ன விளங்கியது என்று திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். பிறகு இரண்டு பிசியோதெரபிஸ்டுகள் ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் மதிப்பெண் இட வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். நடமாடுகிறவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் இடையில் அளவுகோல் வித்தியாசம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு மாதச் சிகிச்சையில் ஆள் மாறினால் எண்ணும் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். கூட்டத் தகுதியுள்ள எண்தானா என்று ராஷ் கணக்கில் சோதிக்க வேண்டும். ஃபூகல்-மேயரையும் பார்தெலையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட அவை வேண்டும்.

இந்த வேலைக்கு வேண்டியவர்கள் சில நூறு நோயாளிகளும் பொறுமையுள்ள நான்கைந்து பேரும்தான். மாவட்டத்திலேயே ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்னொரு மொழிபெயர்ப்பு எழுதுவதற்குப் பதிலாக, ஒரு நாள் மதியம் குளச்சலில் ஒரு வீட்டில் தரையில் உட்கார்ந்து, வாதம் வந்து தேறிய கை சாளைமீனில் முள் எடுப்பதைக் கடிகாரத்தோடும் குறிப்பேட்டோடும் பார்க்கட்டும். முதல் கேள்வி அங்கே கிடைத்துவிடும்.